மடியிலிருக்கும் மடக்குக் கத்தி

சென்ற இதழில் வெற்றிலைச் செல்லத்தைப் பற்றி எழுதியபொழுது, நாள்தோறும் மடக்குக் கத்தி ஒன்றைத் தம்முடன் எடுத்துச் செல்லும் வழக்கமுடைய அன்பர்கள் அதனைப் பற்றி நமக்கு எழுதலாம் என்று இறுதியில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. கான்பூரிலிருந்தும், நாகபுரியிலிருந்தும், ஜான்சியிலிருந்தும், தில்லியிலிருந்தும் அன்பர்கள் எழுதியிருக்கின்றனர். சிலர் கத்தியைக் காகிதத்தின்மீது விரித்து வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, அப்படத்தையே அஞ்சலில் அனுப்பிவிட்டனர். இளைஞர்கள் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினர். சங்க நூலகத்தில் கூடிய மாதக் கூட்டத்திற்கோ சிலர் கத்திகளையே நேரில் கொண்டுவந்தனர். நீள மேஜைமீதிருந்த புத்தகங்களை ஒதுக்கிவிட்டுப் பதினொரு கத்திகளை வரிசையாக வைத்தபொழுது, வழக்கமாகக் கூட்டத்தின் நடுவே கடிகாரத்தைப் பார்க்கும் அன்பர்களும் அன்று அசையாது அமர்ந்திருந்தனர்.

அவற்றுள் விலையுயர்ந்தது எதுவும் இல்லை. ஆயினும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையும் ஒரு வரலாறும் இருந்தன. ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர், பித்தளைப் பிடியும் இரண்டு அலகுகளும் உடைய கத்தியைக் கொண்டுவந்தார். முப்பது ஆண்டுகள் சணற்கயிறு அறுத்தே பெரிய அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. சிறிய அலகு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டதற்கு, “அது மாம்பழத்திற்கு, கயிறு அறுத்த கத்தியால் பழம் அறுக்கலாமா?” என்றார். பள்ளி ஆசிரியை ஒருவர், குளிர்காலத்தில் மாணவர்களுக்குக் கொய்யாப்பழம் அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுக்கவென்றே கைப்பையில் ஒரு கத்தி வைத்திருக்கிறார். மூதாட்டி ஒருவருடைய சுருக்குப் பையிலிருந்து விரல் நீளங்கூட இல்லாத ஒரு கத்தி வெளிப்பட்டது. பூத்தொடுக்கும்பொழுது நாரைக் கிழிப்பதற்கு அது அவருடைய மாமியார் கொடுத்ததாம். இந்த ஊரில் வாழைநார் கிடைப்பதில்லை, நூலில்தான் தொடுக்கிறார். எனினும், நூலையும் அந்தக் கத்தியால்தான் அறுக்கிறார்.

இவ்வாறு மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கிடையே ஒரு கடிதம் நம்மை நிறுத்திவிட்டது. தில்லியில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியது அது. அவருடைய மாமனார் இளமையில் வேலை தேடி வடக்கே வந்தவர். வந்த புதிதில் ராம்பூரில் ஒரு மடக்குக் கத்தி வாங்கி, இறுதிவரை தம்முடன் வைத்திருந்தார். ரயிலில் கரும்பு சீவவும், வீட்டில் தேங்காய்ச் சில்லு தோண்டவும், பேரனுக்குப் பம்பரக் கட்டை செதுக்கவும் அது பயன்பட்டது. சென்ற ஆண்டு அவர் காலமானார். இப்பொழுது பேரன் கல்லூரி விடுதிக்குச் செல்லவிருக்கிறான். தாத்தாவின் கத்தியைத் தன் பையில் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பாட்டி, “கொடுத்தனுப்பு, பெரியவர் துணையாக இருக்கட்டும்” என்கிறார். தந்தையோ, “கூடவே கூடாது” என்கிறார். இரண்டு வாரமாக வீட்டில் இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அலகின் நீளம் ஐந்தரை அங்குலம். ‘என்ன செய்வது என்று எழுதுங்கள்’ என்று கேட்டிருக்கிறார் அச்சகோதரி.

இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. ஆனால், கத்தி என்பது கருவியா, ஆயுதமா என்னும் பழைய வழக்கு இதனுள் அடங்கியிருக்கிறது. ஆதலின், சற்றுச் சுற்றிவந்தே விடைக்குச் செல்ல விரும்புகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நாம் இதனைப் பேனாக்கத்தி என்கிறோம். பேனா என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது; அம்மொழியில் அதற்கு இறகு என்பது பொருள். பறவையின் இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய காலத்தில், முனை மழுங்கும்தோறும் அதைத் திருத்த ஒரு சிறு கத்தி எழுதுவோர் கையில் இருந்தாக வேண்டும். ஐரோப்பாவில் அக்கத்திக்கு இறகுக் கத்தி என்றே பெயர் ஏற்பட்டது. வடநாட்டில் நாணற்குச்சியால் எழுதும் வழக்கம் இருந்தது. அக்குச்சியைச் சீவும் கத்திக்கு உருதுவிலும் பாரசீகத்திலும் கலம்தராஷ் என்று பெயர். எழுதுகோல் சீவி என்பது அதன் பொருள். உலகின் பல மூலைகளிலும் மடியில் செருகிய சிறு கத்தி எழுத்தறிந்தவனுடைய அடையாளமாகவே இருந்திருக்கிறது.

நம் தமிழகத்தில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஓலையில் எழுதிய நம் முன்னோரிடம் மூவகை எழுத்தாணிகள் இருந்தன. தலைப்பக்கம் குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. ஓலையை வாருவதற்குரிய கத்தியும் எழுதும் முனையும் ஒருங்கே அமைந்தது வாரெழுத்தாணி. மூன்றாவது மடக்கெழுத்தாணி. ஒரு பிடிக்குள் ஒருபுறம் கத்தியும் மறுபுறம் எழுத்தாணியும் மடங்கிக்கொள்ளும். கத்தியை விரித்து ஓலையை அளவாக நறுக்கலாம். எழுத்தாணியை விரித்து எழுதலாம். இரண்டையும் மடக்கி மடியில் செருகிக்கொண்டு ஊர்ப்பயணம் போகலாம். பல தொழில் செய்யும் மடக்குக் கத்தி என்று இன்று கடைகளில் விற்பதைப் பார்த்து வியக்கும் இளைஞர்கள், தம் பாட்டனாரின் பாட்டனார் மடியிலும் அப்படி ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பதை அறிதல் நலம். நாட்டில் எத்தனையோ சுவடிகள் பிழைத்திருப்பதற்கு எழுத்தாணி எவ்வளவு காரணமோ, ஓலையை வாரிய அந்தச் சிறு கத்தியும் அவ்வளவு காரணம்.

மற்றைய தொழிலாளரையும் மறந்துவிடலாகாது. பனையேறும் தொழிலாளி, பாளை சீவும் அரிவாளை அதற்கென அமைந்த பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டே மரமேறினார். நாவிதருடைய சவரக்கத்தியும் பிடிக்குள் மடங்குவதே. வெற்றிலைச் செல்லத்தில் பாக்குவெட்டி. இவற்றைக் கண்டு ஊரில் எவரும் அஞ்சியதில்லை. கத்தி எங்கே இருக்கிறது என்பதை அன்று எவரும் கேட்கவில்லை. யார் கையில், எந்த வேலைக்கு இருக்கிறது என்பதே கேள்வியாக இருந்தது.

மேனாடுகளிலும் இதே நிலைதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தியைக் காலுறையில் செருகிக்கொண்ட மாவரைக்கும் மனிதன் ஒருவனை, 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தம் காண்டர்பரிக் கதைகளில் காட்டுகிறார். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினேல் என்பவர் 1890 ஆம் ஆண்டு குடியானவர்களுக்காகச் செய்த மரப்பிடிக் கத்தி இன்றும் அதே வடிவில் வருகிறது. விரித்த அலகு கைமீது மடங்கிவிடாதபடி தடுக்கும் வளையம் மட்டும் 1955 இல் சேர்ந்தது. நம் அன்பர்களுள் பொறியியல் படிக்கும் இளைஞர் ஒருவர் அதில் 8ஆம் எண் கத்தியைக் கொண்டுவந்து காட்டினார்; அதன் அலகு எட்டரை சென்டிமீட்டர். ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1884 இல் பட்டறை தொடங்கி, 1891 முதல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி செய்து கொடுத்தார். அக்கத்தியில் ஓர் அலகு, துளையிடும் ஊசி, தகரடப்பா திறக்கும் கருவி, திருகாணி முடுக்கி ஆகியவை இருந்தன. பகைவனைக் குத்துவதற்காக அது தரப்படவில்லை. துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கவும் உணவு டப்பாவைத் திறக்கவுமே தரப்பட்டது. 1897 ஜூன் 12 அன்று அவர் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியே இன்று உலகமெங்கும் சிவப்புப் பிடியுடன் காணப்படும் கத்திக்கு மூதாதை.

இந்தக் கத்திகளுள் பெரும்பாலானவற்றின் உள்ளமைப்பு மிக எளிது. அலகின் அடிப்பகுதியை ஓர் ஆணி பிடியோடு இணைக்கிறது. பிடியின் முதுகில் ஒரு தட்டையான எஃகு வில் இருக்கிறது. அலகை விரித்தாலும் மடக்கினாலும் அந்த வில் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நகத்தால் பற்றி இழுப்பதற்கு அலகில் ஒரு சிறு பள்ளம். பூட்டு என்று ஒன்றுமில்லை. வில்லின் அழுத்தம் மட்டுமே. ஆதலின், இதனைக் கொண்டு அறுக்கலாம், சீவலாம். குத்தினால் மடங்கிக் கையையே வெட்டும். குத்துவதற்கு உதவாமை இதன் குறையன்று; இதன் குணம் என்றே நாம் கொள்கிறோம்.

இனி, ராம்பூருக்கு வருவோம். லக்னோவிலிருந்து மொராதாபாத் செல்லும் இருப்புப்பாதையில், பரேலிக்கும் மொராதாபாத்துக்கும் இடையே இருக்கிறது ராம்பூர். 1774 இல் நவாப் ஃபைசுல்லாகான் ஆட்சியில் தோன்றிய சமஸ்தானம் அது. 1949 இல் இந்திய யூனியனுடன் இணைந்தது. அவ்வூருக்கு இரண்டு புகழ்கள் உண்டு. ஒன்று, நவாபுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அரபு, பாரசீக, உருதுச் சுவடிகள் நிறைந்த ரசா நூலகம். 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மைய அரசின் பொறுப்பிலுள்ளது. மற்றொன்று கத்தி. எழுதுகோலும் அதைச் சீவும் கத்தியும் ஒரே ஊரில் புகழ்பெற்றது பொருத்தமே.

ராம்பூரிக் கத்தி மேற்சொன்ன எளிய கத்தியிலிருந்து வேறுபட்டது. நீண்டு ஒடுங்கிய அலகு. பெரும்பாலும் பித்தளை பதித்த பிடி. அலகின் அடியில் பற்கள் வெட்டியிருப்பார்கள். திறக்கும்பொழுது வில் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து எழுந்து கரகரவென்று ஒலிக்கும். முழுதும் விரிந்ததும் பூட்டிக்கொள்ளும். பற்களுடைய இக்கத்தியைக் கராரிதார் என்றும், பொத்தானை அழுத்தினால் திறப்பதைப் பட்டன்தார் என்றும் வடநாட்டார் கூறுவர். அப்பற்களை அரத்தால் ஒரே சீராக அராவுவது எளிய வேலையன்று. பல் சற்றுக் கூடக்குறையப் போனாலும் ஒலி மாறிவிடும். ஒலியைக் கேட்டே நல்ல கத்தியை அறிவர்.

அந்த ஒலியே அதற்குப் பகையாயிற்று. வீட்டில் பழம் நறுக்கும் ஒலியாக இருந்ததை இந்தித் திரைப்படங்கள் அச்சுறுத்தும் ஒலியாக மாற்றின. 1965 இல் வெளிவந்த ‘வக்த்’ படத்தில் நடிகர் ராஜ்குமார் ஒரு கத்தியை வைத்துப் பேசும் காட்சியை வடநாட்டு முதியோர் இன்றும் நடித்துக் காட்டுவர். அதன்பின் எத்தனையோ படங்களில் வில்லன் என்றால் கையில் ராம்பூரி என்றாயிற்று. திரையில் பார்த்ததைத் தெருவில் செய்தவர்களும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. 1990களில் உத்தரப் பிரதேச அரசு நான்கரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுடைய கத்திகளுக்குத் தடை விதித்தது. ராம்பூரின் கத்திக் கடைத்தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக வேறு சரக்குகளுக்கு மாறின. தந்தையிடம் கற்ற தொழிலை மகனுக்குக் கற்றுக்கொடுப்பதில் பொருளில்லாமற் போயிற்று. 2023 ஆம் ஆண்டு அவ்வூரில் ஒரு நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளமுள்ள ராம்பூரிக் கத்தியைச் சின்னமாக நிறுத்தினார்கள். சின்னம் பெரிதுதான், ஆனால், பட்டறைகளில் அரம் பிடிக்கும் கைகள் அருகிவிட்ட பின்னரே அது எழுந்தது.

இத்தகைய மாற்றம் நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. ஜப்பானில் மிகி என்னும் ஊரில் செய்யப்படும் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவர் ஒவ்வொருவரிடமும் இருந்தது. பென்சில் சீவுவதற்கும் மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்வதற்கும் அதுவே கருவி. 1960 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் தலைவர் அசனுமாவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே வாளால் குத்திக் கொன்றான். நாடு நடுங்கிற்று. அதன்பின், பிள்ளைகளிடம் கூரிய கருவி எதுவும் இருக்கலாகாது என்று ஓர் இயக்கமே எழுந்தது. கொலை செய்தது வாள். தண்டனை அடைந்தது பென்சில் சீவும் கத்தி. அக்கத்தியைச் செய்துவந்த பட்டறைகள் குன்றின. பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளமாட்டோம். ஆயினும், கருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய ஒரு தலைமுறை, கையால் செய்யும் வேலைகள் சிலவற்றையும் அத்துடன் இழந்தது என்பதைச் சொல்லாமலும் இருக்கமாட்டோம். ஸ்விட்சர்லாந்துக் கத்தி நிறுவனமே, பல நாடுகளில் சட்டங்கள் இறுகிவருவதைக் கருதி, அலகே இல்லாத ஒரு பல்தொழிற் கருவியை உருவாக்க எண்ணியிருப்பதாக 2024 இல் தெரிவித்தது. காலத்தின் போக்கு அதுவாயிருக்கிறது.

இப்பொழுது தில்லிச் சகோதரியின் கேள்விக்கு வருகிறோம்.

முதற்கண் சட்டம். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக அமைந்தவற்றுக்கு விலக்குத் தருகின்றன. இது பொது விதி. தில்லியிலோ இதனினும் கடுமையான கட்டு உண்டு. வில்லால் திறப்பது, பல்லுடையது, பொத்தானுடையது, மற்றும் இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளில், அலகு 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமாகவும், 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமாகவும் இருப்பின், அவை 1980 ஆம் ஆண்டு அறிவிக்கையின் கட்டுக்குள் வருகின்றன. ஐந்தரை அங்குலம் என்பது ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். ஆகவே, தாத்தாவின் ராம்பூரியைப் பையில் போட்டுக்கொண்டு அப்பிள்ளை தில்லித் தெருவில் நடப்பது அவனை வழக்கில் மாட்டிவிடக்கூடிய செயல். இவ்வறிவிக்கையின்கீழ் வழக்குகள் நடந்திருக்கின்றன. மெட்ரோ நிலையத்துச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னால், “இது என் தாத்தாவின் நினைவு” என்னும் விடையை எந்தக் காவலரும் ஏற்கமாட்டார். விமானத்தில் உடன்கொண்டு செல்லும் பையிலும் கத்திக்கு இடமில்லை. கல்லூரி விடுதிகளுக்கும் தத்தம் விதிகள் இருக்கும்.

இங்கே, தந்தையின் அச்சத்தை நாம் நன்கு உணர்கிறோம். அது கத்தியைப் பற்றிய அச்சமன்று. வெளியூரில் பிழைக்க வந்த குடும்பத்துக்கு நற்பெயர்தான் முதல். மொழி சரளமாக வராத ஒரு கணத்தில், கையிலிருக்கும் பொருளைக் கொண்டு நம்மை அளந்துவிடுவார்கள். ஊரில் என்றால், ‘இன்னார் பேரன்’ என்று சொல்ல நான்கு பேர் இருப்பர். இங்கே அவன் யார் பேரன் என்பதை அறிந்தவர் எவருமில்லை. பாட்டி அறிந்திருப்பது கரும்பு சீவிய கத்தியை. காவலர் அறிந்திருப்பது படத்தில் பார்த்த கத்தியை. இருவரும் பார்ப்பது ஒரே பொருளைத்தான். ஆனால், பிள்ளை நடக்கப்போவது காவலர் நிற்கும் தெருவில்.

ஆகவே, நம் கருத்து இது. தாத்தாவின் கத்தி பையில் செல்லலாகாது. வீட்டில் வைத்திருப்பது பற்றியும் தந்தையார் முறையறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளட்டும். ஊருக்கு ஊர் அறிவிக்கைகள் வேறுபடும். ஆனால், பாட்டியின் சொல்லையும் தள்ளிவிட வேண்டாம். பெரியவர் துணையாக இருக்க வேண்டும் என்பதுதானே அவர் விரும்புவது? பெரியவருடைய துணை அந்த ஐந்தரை அங்குல எஃகில் மட்டுமா இருக்கிறது? பம்பரக் கட்டையைச் செதுக்கும்பொழுது அலகு தன்னை நோக்கி வராமல் வெளிப்புறமாகச் செல்லும்படி பிடித்தாரே, அந்தப் பிடியில் இருக்கிறது. பழத்தை அரிந்து முதற்துண்டைப் பேரனுக்கு நீட்டினாரே, அந்த நீட்டலில் இருக்கிறது. விடுதிக்குச் செல்லுமுன் ஒரு மாலைப்பொழுது பாட்டியும் தந்தையும் பேரனும் ஒன்றாக அமர்ந்து அக்கத்தியைத் துடைத்து எண்ணெய் இட்டு, அதைப் பற்றிப் பெரியவர் சொன்ன கதைகளைப் பாட்டி சொல்லக் கேட்கட்டும். விடுதி விதி இடந்தருமாயின், பூட்டில்லாத, இரண்டங்குல அலகுள்ள ஒரு சிறு பேனாக்கத்தியைத் தந்தையே வாங்கி, பாட்டியின் கையால் பேரனுக்குக் கொடுக்கச் செய்யட்டும். விதி இடந்தராவிட்டால், விடுமுறைக்கு வரும் நாளுக்காக அது வீட்டிலேயே காத்திருக்கட்டும். அவன் காலத்தில் அதுவும் தாத்தாவின் கத்தி ஆகும்.

கொடுக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். கத்தியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கையில் வாங்கலாகாது, கீழே வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் வீடுகளில் பெரியோர் சொல்வது. மேனாட்டாரோ, கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று அஞ்சி, பெற்றவரிடம் ஒரு காசு வாங்கிக்கொள்வர். விலைக்கு விற்றதாகப் பாவனை. இரு வழக்கங்களுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: கூரிய பொருளைக் கைமாற்றும் கணத்தில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். மூடநம்பிக்கை என்று இதனைத் தள்ளிவிடாமல் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தல் நன்று.

கடிதம் எழுதிய அன்பர்கள் பலரும் பராமரிப்பைப் பற்றிக் கேட்டிருப்பதால், அதனையும் சுருக்கமாகக் கூறி முடிக்கிறோம்.

பழைய கத்திகளில் பெரும்பாலானவை கரி எஃகு. நன்றாகத் தீட்டலாம், கூர் நெடுநாள் நிற்கும், ஆனால், துருப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய், வாழைப்பூ ஆகியவற்றை அரிந்தால் அலகு கறுக்கும். நாளடைவில் படியும் சாம்பல் நிறம் குற்றமன்று. செந்நிறத் துருவுக்கு அது ஓரளவு காப்பாகவும் அமையும். துருவேறா எஃகு என்பது 1913 இல் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி ஆராய்ச்சியால் பரவியது. அதில் குரோமியம் கலந்திருக்கிறது. கறை பிடிக்காது எனினும், ஈரத்தோடு மடக்கினால் ஆணியும் வில்லும் கெடும். எந்தக் கத்தியாயினும், வேலை முடிந்ததும் துடைத்து உலரவிட்டே மடக்குக. ஆணியில் மாதம் ஒருமுறை தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். பழம் அரியும் அலகில் தேங்காய் எண்ணெய் தடவலாம்; அதிகம் தடவினால் சிக்குப் பிடிக்கும்.

தீட்டுவதற்குத் தட்டையான சாணைக்கல்லே சிறந்தது. கல்லை நீரில் நனைத்து, அலகைக் கல்லோடு சுமார் 20 பாகை சாய்வில் வைத்து, இரு புறமும் சமமாக இழுக்க வேண்டும். சாய்வு மாறாதிருத்தலே இதன் இரகசியம், பலம் தேவையில்லை. மிதிவண்டியில் சக்கரம் பூட்டித் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதாயின், அருகில் நின்று, அடிக்கடி நீரில் தோய்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் வேகத்தில் அலகு சூடேறி விளிம்பில் நீலநிறம் படர்ந்தால், அவ்விடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அறிக. அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நில்லாது. பொறுமையோடு தீட்டும் சாணைக்காரர் உங்கள் தெருவுக்கு வருவாராயின், அவருக்கு நல்ல கூலி கொடுத்து ஆதரியுங்கள். ராம்பூரில் அரம் பிடித்தவர்களைப் போல, அவரும் அருகிவரும் தொழிலாளிதான்.

மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூரிய கத்தி, வைத்த இடத்தில் அறுக்கும். மழுங்கியதோ பலமாக அழுத்தச் செய்து, வழுக்கிக் கைமீது பாயும்.

ஒப்பினேல் கத்தியைக் காட்டிய இளைஞருக்கும் ஒரு குறிப்பு. எட்டரை சென்டிமீட்டர் அலகும் பூட்டு வளையமும் உடைய கத்தியுடன் தில்லிக்குப் பயணம் புறப்படுமுன், மேலே கூறிய அளவுகளை ஒருமுறை நினைவுகூர்தல் நலம். வீட்டுப் பழக்கூடையருகே அது இருந்தால் அதற்கும் பெருமை, அவருக்கும் நிம்மதி.

தில்லிச் சகோதரியின் இல்லத்தில் அம்மாலைப்பொழுது எவ்வாறு நடந்தது என்பதை அவரே எழுதினால், அடுத்த இதழில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். அடுத்த மாதம் இப்பகுதியில் பயணப் பெட்டிகளைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம். ஊரிலிருந்து முதன்முதல் இங்கே வந்தபொழுது கொண்டுவந்த தகரப் பெட்டியை இன்னும் கட்டிலின்கீழ் வைத்திருக்கும் அன்பர்கள், அதன் பூட்டும் சாவியும் இன்னும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, இம்மாத இறுதிக்குள் நமக்கு எழுதுவார்களாக.